எழுபதுக்கு அறுபத்தாறு

"ஏங்க்கா எழுபது?" என்று கேட்டான் செந்தமிழன். "நூத்துக்கு மார்க் போட்டா காசு கோச்சிக்குமா?"

துப்பறியும் வெண்மதி அவனை முறைத்தாள். அவளுடைய உதவியாளன் கேட்கும் கேள்விகளில் எப்போதாவது ஒன்று நியாயமாக இருந்துவிடும். அந்த ஒன்றுதான் அவளுக்கு எரிச்சல் தரும்.

செஞ்சி திருவண்ணாமலை சாலையில் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்தில் கல்யாணம் எதுவும் நடக்கவில்லை. மணமக்கள் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு லென்சு. லென்சுக்குப் பின்னால் ரிஷபன் என்ற மெலிந்த, சாந்தமான மனிதர். அவர் தலைக்கு மேலே பேனர் கட்டியிருந்தார்கள்: 'உத்தமம் நாணயத் தரச்சான்று நிறுவனம். உங்கள் காசின் மதிப்பு உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.'

பழைய காசை இவர்களிடம் கொடுத்தால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எங்கே கீறியிருக்கிறது என்று பார்த்து எழுபதுக்கு ஒரு மார்க் போடுவார்கள். மார்க்கை ஒரு சீட்டில் அச்சடித்து, காசோடு சேர்த்து, கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வாங்குகிறவன் காசைப் பார்ப்பதில்லை, மார்க்கைத்தான் பார்க்கிறான். மாதம் ஒருமுறை செஞ்சியில் மூன்று நாள் முகாம். அவலூர்பேட்டையிலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் ஜனங்கள் பரணைத் தட்டி, உண்டியலை உடைத்துக் காசோடு வந்து வரிசையில் நின்றார்கள். பிள்ளைகளின் மார்க்குக்குக்கூட அவர்கள் இவ்வளவு பயந்து யாரும் பார்த்ததில்லை.

இந்த இடத்தில்தான் வம்பு பிறந்தது. காந்தி பஜாரில் பம்புசெட்டுக் கடை வைத்திருக்கும் நேமிராஜிடம் பரம்பரையாக வந்த ஆற்காடு வெள்ளி ரூபாய் ஒன்று இருந்தது. போன மாத முகாமில் அதற்கு அறுபத்தாறு கிடைத்தது. மனிதர் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. பிறகு யாரோ ஒரு சென்னைக்காரர், அறுபத்தேழாக இருந்தால் விலை இரண்டு மடங்கு என்று சொல்லித் தொலைத்தார். நேமிராஜ் பாக்குவெட்டியால் பெட்டியைப் பிளந்து காசை வெளியே எடுத்தார். நேற்றுக் காலை அதை மறுபடியும் இதே ரிஷபனிடம் அனுப்பினார். ஐம்பத்துமூன்று வந்தது.

மார்க் குறைந்தால் பரீட்சை எழுதிய பிள்ளையைத் திட்டுவார்கள், இல்லாவிட்டால் திருத்திய வாத்தியாரைத் திட்டுவார்கள். நேமிராஜ் விடைத்தாளைக் கட்டித் தூக்கிக்கொண்டு போன பெண்ணைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண்தான் பாரதி. வல்லத்துக்காரி, நேமிராஜ் கடையில் கணக்குப் பார்ப்பவள். காசு மூன்று பேர் கையில் இருந்தது: நேமிராஜ், இரண்டு முறையும் காரை ஓட்டிக்கொண்டு வந்த அவர் மகன் அருகன், காசை முகாமில் கொடுத்துத் திரும்ப வாங்கிவந்த பாரதி. நேமிராஜின் விரல் நீண்டது பாரதி பக்கம் மட்டும். நல்ல காசை எடுத்துக்கொண்டு தேய்ந்த காசை வைத்துவிட்டாளாம். இன்று பொழுது சாய்வதற்குள் அசல் காசு வரவில்லை என்றால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார்.

பாரதி குரூப் ஃபோர் தேறியிருந்தாள். அடுத்த வாரம் சான்றிதழ் சரிபார்ப்பு. அந்த நேரத்தில் பெயரில் ஒரு திருட்டு வழக்கு விழுந்தால் சர்க்கார் வேலை அத்தோடு சரி. இது நேமிராஜுக்கு நன்றாகத் தெரியும். அவள் தேறிய அன்று கடை முழுக்க லட்டு கொடுத்தவரே அவர்தான்.

"நான் எடுக்கல மேடம்," என்றாள், வெண்மதியின் உதவியைத் தேடி வந்த பாரதி. நேற்றிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தையே சொல்லிச் சொல்லி, அவள் குரலில் இருந்த கோபம்கூடக் களைத்துப் போயிருந்தது.

வெண்மதி முதலில் மேடையேறி ரிஷபனிடம் பேசினாள். இரண்டு முறையும் எடுத்த படங்களை அவர் மறைக்காமல் காட்டினார். இரண்டிலும் ஒரே எழுத்து, ஒரே இடத்தில் ஒரே வளைவு. ஒரே காசுதானே என்று வெண்மதி கேட்டாள். படத்தை வைத்துச் சொல்ல முடியாது, அச்சு அசலாகப் போலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றார் அவர். பிறகு, கோயிலில் விபூதி கொடுப்பவரின் பொறுமையோடு ஒரு விளக்கமும் தந்தார்.

"எங்க மார்க்கு மாறாதுங்க. மார்க்கு மாறிடுச்சின்னா காசு மாறிடுச்சின்னுதான் அர்த்தம்."

கீழே இறங்கியதும் செந்தமிழன் சொன்னான், "எங்க பக்கத்து வூட்டு தாத்தா இப்டித்தாங்க்கா. கடிகாரம் நின்னுபோச்சின்னா, சூரியன் லேட்டுன்னுவாரு."

மார்க் மாறும் என்று காட்டினால் பாரதி தப்பிப்பாள். காட்டாவிட்டால் மாட்டிக்கொள்வாள். வெண்மதி அவனைக் கோட்டை வாசலுக்கு அனுப்பி, பழைய சாமான் விற்பவரிடமிருந்து ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றை வாங்கிவரச் சொன்னாள். ஒரே காசை வேறு வேறு ஆளாக இன்று முழுவதும் அனுப்புவது என்று ஏற்பாடு.

முதலில் செந்தமிழன் பச்சைமுத்து என்ற பெயரில் போனான். ஐம்பத்தொன்று. கூடவே நீளமாகக் குற்றச்சாட்டு: ராஜாவின் கன்னத்தில் கீறல், தாடியில் தேய்மானம், ஓரத்தில் அடி, எப்போதோ யாரோ தேய்த்துக் கழுவிய தடம். "என்ன மாப்ள பாக்க வந்தவங்ககூட இவ்ளோ கொற சொல்லல," என்றான். அவனுக்குப் பெண் பார்க்கப் போனார்களா, அவனைப் பார்க்க வந்தார்களா என்பது தனிக்கதை.

காசை மறுபடி அனுப்ப வேண்டுமானால் பெட்டியை உடைக்க வேண்டும். யானை மிதித்தாலும் உடையாது என்று கம்பெனி விளம்பரம் செய்திருந்தது. செந்தமிழன் மண்டபச் சமையலறைக்குப் பின்னால் கருங்கல்லில் போட்டுக் குத்திப் பார்த்தான், கதவிடுக்கில் வைத்து நசுக்கிப் பார்த்தான். கதவுதான் விரிசல் விட்டது. சத்தம் கேட்டு வெளியே வந்த சமையல்கார அமிர்தவல்லி பெட்டியைப் பிடுங்கி, தேங்காய் உடைக்கும் கத்தியைத் திருப்பி ஒரு தட்டுத் தட்டினார். பெட்டி இரண்டாகப் பிளந்தது. எதற்கு இந்தக் கூத்து என்றுகூட அவர் கேட்கவில்லை. முகாம் நடக்கும் நாளெல்லாம் இரண்டு மார்க் கூடக் கிடைக்குமா என்று யாராவது ஒருவர் பெட்டியோடு அவரிடம் வந்து நிற்பார்களாம்.

அடுத்து வெண்மதி போனாள். ஐம்பத்திரண்டு. ஆளைப் பார்த்துத்தான் மார்க் போடுகிறார்கள் என்று செந்தமிழனுக்கு ஒரு ஞானோதயம் வந்தது. பக்கத்து லாரி செட்டில் ஒருவரிடம் மைனர் செயின் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் ஒட்டு மீசையுமாக அரிகிருஷ்ணன் என்ற பெயரில் மேடையேறினான். மீசையின் ஒரு பக்கம் மின்விசிறிக் காற்றில் எழும்பி நின்றது. ரிஷபன் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. குனிந்து காசை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐம்பத்தொன்று.

வெண்மதி மூன்று சீட்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். மூன்று ஆள், மூன்று நேரம், ஏறக்குறைய ஒரே மார்க். கம்பெனி சரியாகத்தான் மார்க் போடுகிறது என்று தன் செலவிலேயே நிரூபித்திருக்கிறாள். இதைப் போலீசிடம் காட்டினால் பாரதியை இன்றே உள்ளே வைப்பார்கள்.

"மேடம், நான் எங்க நைனாவுக்கு போன் பண்ணி வரச்சொல்லட்டா?" என்று கேட்டாள் பாரதி. பொறு என்று மட்டும் வெண்மதியால் சொல்ல முடிந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கதை திரும்பியது பபிள்கம்மால். போன மாதம் அறுபதுக்கு மேல் வாங்கியவர்கள் தங்கள் பெட்டிகளைச் சாமி படம் மாதிரி கையில் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் அவலூர்பேட்டைக்காரர். அவருடைய காசுக்கு அறுபத்தைந்து. காசை எங்கே வைத்திருந்தீர்கள் என்று வெண்மதி சும்மா கேட்டாள். செருப்பில் ஒட்டிய பபிள்கம்மைச் சுரண்டுவதற்காகக் கதவுப்பக்கம் ஆணியில் ஒரு பையில் போட்டு வைத்திருந்ததாக அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். காசில் சுரண்டிய தடம் கண்ணுக்கே தெரிந்தது.

"பபிள்கம்முக்கு அறுபத்தஞ்சி, ஜார்ஜ் மன்னருக்கு அம்பத்தொண்ணா," என்றான் செந்தமிழன். "ராஜா சுதந்திரம் கொடுத்ததுல இவருக்கு இன்னா கோவம்?"

வெண்மதி அவனை அதட்டிவிட்டு அவலூர்பேட்டைக்காரரிடம் எப்போது காசைக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். அன்றைக்கு பஸ் பிரேக்டவுனாம். அவர்தான் கடைசி ஆள். பக்கத்திலிருந்த பெட்டிக்காரர்களையும் கேட்டாள். ஒருவர் ரேஷன் கடையில் நின்றுவிட்டு லேட்டாக வந்தவர். இன்னொருவருக்கு டிராக்டர் பஞ்சர். முதல் ஆளாக விடியற்காலையில் வந்து நின்ற அனந்தபுரத்துப் பெரியவர் நாற்பத்தெட்டு வாங்கிக்கொண்டு சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தார்.

பாரதியிடம் திரும்பினாள். போன மாதம் கடையில் ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்ததால், விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால்தான் காசைக் கொடுத்ததாகப் பாரதி சொன்னாள். நேற்றுக் கொடுத்தது காலையில், டிபன் முடிந்த கையோடு.

நேரம்தான் விஷயம் என்பது புரிந்தது. ஏன் என்பது புரியவில்லை. மேடையில் விளக்கு காலையிலும் மாலையிலும் ஒன்றுதான். செந்தமிழன் தன் பங்குக்கு ஒரு கண்டுபிடிப்பு செய்தான். ரிஷபன் அடிக்கடி தலையைத் தூக்கி மேற்குப் பக்கத்து ஜன்னல் வழியாக ராஜகிரி மலையைப் பார்க்கிறார். மேலே கோட்டையில் கூட்டாளி ஒருவன் நின்று கண்ணாடியால் சிக்னல் கொடுக்கிறான், நான் ஏறிப்போய்ப் பிடித்துவரட்டுமா என்று கேட்டான். ஏறி இறங்குவதற்குள் பாரதிக்குத் தண்டனைக்காலமே முடிந்துவிடும் என்று வெண்மதி அவனை உட்கார வைத்தாள்.

அப்போதுதான் நேமிராஜ் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகத்தில் அறுபத்தாறு பறிபோன துக்கம். பாரதியைப் பார்க்காமல் வெண்மதியிடம் மட்டும் பேசினார்.

"பொழுது எறங்கிட்டா நான் தண்ணிகூடத் தொடமாட்டம்மா. எங்க மார்க்கத்துல அது வழக்கம். வூட்டுக்குப் போயி சாப்ட்டுட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போறேன். அதுக்குள்ள காசு வந்துட்டா நல்லது."

வெண்மதி அவரையே பார்த்தாள். பிறகு மேடையில் மறுபடியும் தலையைத் தூக்கி மலையைப் பார்த்துக்கொண்டிருந்த ரிஷபனைப் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று சாப்பாட்டு ஹாலுக்குள் நடந்தாள். நீளமான பந்தி மேஜைகள் எல்லாம் காலி. ஒரு ஓரத்தில் மட்டும் ஒரே ஒரு இலை. மணி இன்னும் ஐந்தரைகூட ஆகவில்லை. இலையில் உருளைக்கிழங்கு இல்லை, வெங்காயம் இல்லை. யாருக்கு என்று கேட்டதற்கு அமிர்தவல்லி மேடைப் பக்கம் கையைக் காட்டினார். அவர் சமணர், இருட்டினால் சாப்பிட மாட்டார், மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டால் மறுநாள் காலை வரைக்கும் பட்டினி என்று சொன்னார். மேஜையில் காசு இருக்கும்போது எழுந்து வரக்கூடாது என்பது கம்பெனி சட்டமாம். அதனால் மனிதர் சாயங்காலமானால் தவித்துப்போகிறாராம்.

செந்தமிழனுக்கு இன்னும் விளங்கவில்லை. "பசிச்சா மார்க்கு கொறையத்தானக்கா செய்யும்? எங்க கணக்கு வாத்தியாரு பட்டினி கெடந்தாருன்னா மொத்த கிளாசும் ஃபெயிலு."

"அவரு மேஜையப் போயி பாரு," என்றாள் வெண்மதி.

போய்ப் பார்த்தார்கள். குறை ஒன்று கண்டுபிடித்தால் ரிஷபன் அதைப் படம் எடுக்க வேண்டும், கம்ப்யூட்டரில் ஒரு வரி தட்ட வேண்டும். அடுத்த குறைக்கு அடுத்த படம், அடுத்த வரி. குறை இல்லை என்றால் ஒரே பொத்தான், அதுவே மொத்தமாக ஒரு படம் எடுத்து அறுபத்தைந்தோ அறுபத்தாறோ போட்டுவிடும், பெட்டி தயார். காலையில் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்த ரிஷபனுக்கு உலகத்து நேரமெல்லாம் இருந்தது, ராஜாவின் தாடிமயிரை ஒவ்வொன்றாக விசாரித்தார். இப்போது ஜன்னலில் மலை கறுத்துக்கொண்டிருந்தது. தட்டில் குவியலாகக் காசு. லென்சு மேஜையிலேயே கிடந்தது. காசு, பொத்தான், பெட்டி. காசு, பொத்தான், பெட்டி.

குறை கண்டுபிடிக்க நேரம் வேண்டும். நேரம் இல்லாதவனுக்கு உலகத்தில் எல்லாமே நல்ல காசு.

மூன்றாவது பெட்டியை அமிர்தவல்லி உடைத்துக் கொடுக்க, ஜார்ஜ் மன்னர் நான்காம் முறையாக மேடையேறினார். இந்த முறை செந்தமிழன் செயின், கண்ணாடி, மீசை எதுவும் இல்லாமல் தன் சொந்த முகத்தோடு, சொந்தப் பெயரில் போனான். ரிஷபன் நிமிரவில்லை. பெட்டி சூடாக வந்தது.

அறுபத்தாறு. 'குறையேதும் இல்லை. கண்ணைக் கவரும் இயற்கையான பொலிவு.'

வெண்மதி நான்கு சீட்டுகளையும் மேஜைமேல் பரப்பினாள். நேமிராஜைக் கூப்பிட்டாள். வரிசையில் நின்றவர்களும் கூடவே வந்து மேடையைச் சூழ்ந்துகொண்டார்கள். நான்கும் ஒரே காசு என்றாள். ரிஷபன் வாயைத் திறப்பதற்குள் செந்தமிழன் முந்திக்கொண்டான். "காச மாத்திட்டோம்னு சொல்லாதீங்க சார். இன்னொரு காசு வாங்க எங்க ஆபீசுக்கு வசதி கெடையாது."

ரிஷபன் நான்கு படங்களையும் பார்த்தார். நான்கிலும் ராஜாவின் கன்னத்தில் அதே கீறல். வெண்மதி சத்தம் போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கடைசியா குடுத்த காச நீங்க பாத்தீங்களா சார்?"

ரிஷபன் லென்சைக் கையில் எடுத்து மறுபடி மேஜையில் வைத்தார். பொய் சொல்வது அவருக்கு எவ்வளவு சுலபம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பார்த்தேன் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் இருட்டில் சாப்பிடுவதில்லை என்ற விரதத்தை இத்தனை வருஷம் காத்தவருக்கு வேறு சில விரதங்களும் இருந்தன.

"பாக்கல," என்றார் ரிஷபன். "பாக்க நேரமில்ல. போன மாசம் இவங்க காசையும் பாக்கல. நல்லாத்தான் இருக்கும்னு போட்டுட்டேன்."

செந்தமிழன் மேல்மலையனூர் அம்மன் சத்தியமாக அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள நினைத்தான். கட்டிப்பிடிக்க இடம் கிடைக்கவில்லை. ஏனென்றால் வரிசையிலிருந்தவர்கள் விஷயத்தின் சாரத்தை அதற்குள் பிடித்துவிட்டார்கள். காலையில் காசு கொடுத்தவர்கள் எல்லாம், தங்கள் காசை நாளைச் சாயங்காலம் மறுபடி பார்க்க வேண்டும் என்று கத்தினார்கள். இன்னும் மார்க் வாங்காதவர்கள், நாளைச் சாயங்காலமே கொடுத்துக்கொள்ளலாம் என்று காசைத் தட்டிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த அனந்தபுரத்துப் பெரியவர் எழுந்துவந்து, நாளைக்கு ஐந்தரை மணிக்கு முதல் ஆள் தான்தான் என்று துண்டைப் போட்டு மேடையில் இடம் பிடித்தார். கம்பெனியின் மார்க் தப்பு என்று யாரும் ஆத்திரப்படவில்லை. சரியான தப்பு எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்பதுதான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது.

நேமிராஜ் தன் ஐம்பத்துமூன்றைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு ரிஷபன் பக்கம் குனிந்து, நாளைக்குச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று மெல்ல விசாரித்தார். பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுத் திரும்பியபோது பாரதி எதிரே நின்றிருந்தாள்.

"சரிம்மா," என்றார். "தப்பு ஒம்மேல இல்ல. ஸ்டேஷனுக்கெல்லாம் போவல. நாளைக்குக் கடைக்கு வந்துடு."

அவ்வளவுதான். லட்டு கொடுத்தபோது இதைவிட நிறையப் பேசினார்.

"மொதலாளி," என்றாள் பாரதி. குரல் உயரவில்லை. "முந்தாநாளு ராத்திரி பூரா காசு உங்க பையன் கார்லதான் இருந்துச்சி. காலையில அவருகிட்டதான் வாங்கிக்கினு வந்தேன். அவர ஏன் மொதலாளி நீங்க ஒரு வார்த்த கேக்கல?"

நேமிராஜ் சுற்றிலும் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

"அவன் எம் புள்ளம்மா," என்றார்.

"எங்க நைனாவும் நேத்து ராத்திரி என்னப் பத்தி அதத்தான் சொன்னாரு."

பாரதி கைப்பையிலிருந்து கடைச் சாவியை எடுத்து நேமிராஜின் கையில் வைத்தாள். சரிபார்ப்புக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அதுவரைக்கும் வீட்டில் இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, வெண்மதியின் கையை ஒருமுறை இறுகப் பிடித்துவிட்டு, வல்லம் பஸ்ஸுக்கு நடந்தாள். ஜன்னலுக்கு வெளியே மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டிருந்தது. அன்று ராத்திரி நேமிராஜும் ரிஷபனும் பட்டினி கிடந்தார்கள்.